பிழை யாருக்கு வலிக்கிறது?

பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் தெற்கே போனால் எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சந்தாபுரா எல்லாம் தாண்டி, கர்நாடகம் முடியப்போகிற இடத்தில் இருக்கிறது அத்திபெலே. தமிழர்கள் வாயில் அது அத்திப்பள்ளி. 20 வருடத்துக்கு மேலாக இங்கே குடியிருக்கிறேன். காரணம் மண் பற்றோ மொழிப் பற்றோ அல்ல, வாடகை. எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாக எல்லையை நோக்கித் தள்ளப்படுகிறான். இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு வந்துவிடும்.

எல்லையில் குடியிருப்பதன் முதல் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது செல்போன். 2000-களின் நடுவில் என்னிடம் கர்நாடக எண் இருந்தது. ஹாலில் உட்கார்ந்து பேசினால் கர்நாடகம். படுக்கையறை ஜன்னலோரம் போனால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். உடனே ரோமிங். வருகிற அழைப்புக்கும் காசு. ஒரே வீட்டுக்குள் இரண்டு மாநிலம். கம்பெனிக்குப் புகார் செய்தேன். “டவரை உங்க போன்தான் சார் செலக்ட் பண்ணுது. டெக்னிக்கலா நாங்க ஒண்ணும் செய்ய முடியாது” என்றார்கள். நானும் புரோகிராமர். எல்லையோரத்து டவர்களைப் பட்டியல் போட்டு, அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ரோமிங் போடாமல் விடுவது பில்லிங் சாஃப்ட்வேரில் எவ்வளவு வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பல வருடம் அது ‘டெக்னிக்கலாக’ முடியாமலே இருந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, உள்நாட்டு ரோமிங்குக்குக் காசு இல்லை என்று சொல்லிக்கொண்டு. 2017-ல் மற்ற பெரிய கம்பெனிகளும் ஒவ்வொன்றாக ரோமிங்கைக் கைவிட்டன. டவர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. என் படுக்கையறை ஜன்னலும் நகரவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு பிழை எப்போது சரியாகும் என்பது அது எவ்வளவு கடினமானது என்பதைப் பொறுத்ததல்ல. அது யாருக்கு வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பெனிக்கு வலித்தால் இன்று ராத்திரியே சரியாகிவிடும். வாடிக்கையாளருக்கு வலித்தால் அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனிக்கு லாபமும் தருகிற பிழையாக இருந்தால் அதற்குப் பெயர் பிழையே அல்ல, பாலிசி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவைவிட்டுப் போனது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அது சம்மதிக்கவில்லை. விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர்களை ஓடவைக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்: பெயரிலேயே பராமரிப்பு. யாரோ செய்த இயந்திரத்தை, செய்தவன் ஊரைவிட்டுப் போன பிறகு, ஓடவைக்கிற வேலை. பின்னர் 1980-களின் நடுவில் ரயில் டிக்கெட் ரிசர்வேஷனை டெல்லியில் தொடங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவர்கள்தான். அந்த வேலையில் ஒரு வசதி இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் கிளார்க், முன்னால் கையில் ஃபாரத்தோடு நீண்ட க்யூ. கம்ப்யூட்டர் நின்றால் ஹாலே கத்தும். எழுதியவன் காதில் விழாமல் போகாது.

என் தலைமுறை புரோகிராமர்களுக்கு அந்தக் கத்தல் கேட்டதில்லை. 1970-களின் கடைசியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எலெக்ட்ரானிக் சிட்டியில், 1990-களில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் பெருகியபோது, வாடிக்கையாளர் கடலுக்கு அப்பால் போய்விட்டார். அவர் முகம் தெரியாது, ஊர் தெரியாது. அவருடைய ராத்திரிதான் எங்களுக்குப் பகல். ஆனாலும் அவருக்கு வலித்தால் எங்களுக்கும் வலிக்கும். காரணம் ஒரு காகிதம். சர்வீஸ் லெவல் அக்ரிமென்ட் என்று பெயர். தகராறின் தீவிரத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்திருப்பார்கள். ஒன்றாம் நம்பர் தகராறு என்றால் இத்தனை நிமிடத்துக்குள் போனை எடுக்க வேண்டும், இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் அந்த மாத பில்லில் இத்தனை சதவீதம் வெட்டு.

இந்த ஒப்பந்தத்தின் தயவில் விடியற்காலை 2 மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து, பனியனோடு உட்கார்ந்து, எங்கோ ஒரு குளிர்தேசத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்கைச் சரிசெய்திருக்கிறேன். இந்திய எஞ்சினீயர்களின் அர்ப்பணிப்பு உணர்வு என்று அவர்கள் பாராட்டி மெயில் அனுப்புவார்கள். அர்ப்பணிப்பு எல்லாம் இல்லை, அபராதம்.

பிறகு காலம் மாறியது. 2010-க்கு மேல் பெங்களூரில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே கம்பெனிகள் முளைத்தன. டாக்சி, மளிகை, டியூஷன், கடன், சினிமா எல்லாம் செல்போனில். அதே எஞ்சினீயர்கள், அதே திறமை. வாடிக்கையாளர் மட்டும் இப்போது சிவாஜிநகரிலும் சேலத்திலும் இருந்தார். அவருக்கு ஒப்பந்தம் உண்டா? உண்டு. ‘நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் அவர் படிக்காமல் போட்ட டிக். அந்தக் காகிதத்தில் அபராதம் இருந்தால் அது வாடிக்கையாளருக்குத்தான். போன் நம்பர் தேடினால் கிடைக்காது. கிடைத்தால் ஒரு ரோபோ பேசும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். மாதச் சந்தா வசூலிக்கும் சர்வீஸ். சேருவதற்கு ஒரே தட்டு போதும். விலகுவதற்கு ஐந்து திரைகளைத் தாண்ட வேண்டும். அந்த ஐந்து திரைகளையும் எழுதியவன் நான். மூன்றாவது திரையில் ‘இருக்கட்டும்’ என்ற பட்டனைப் பச்சையில் பெரிதாகவும், ‘விலகுகிறேன்’ என்ற எழுத்தைச் சாம்பல் நிறத்தில் சின்னதாகவும் வைத்தவனும் நான்தான். சொன்னார்கள், செய்தேன். விலகுகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது. டீமுக்குப் பிரியாணி வந்தது.

சில மாதம் கழித்து ஒரு புகார் என் மேஜைக்கு வந்தது. தருமபுரிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். பேரன் ஏதோ தட்டிவிட, மாதாமாதம் பென்ஷன் கணக்கிலிருந்து 199 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது. விலகத் தெரியவில்லை. நாலு முறை எழுதியிருந்தார். நல்ல தமிழில், ‘ஐயா’ என்று தொடங்கி, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்து. நான் பரிசோதித்தேன். ஐந்து திரைகளும் பழுதில்லாமல் வேலை செய்தன. எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு: ‘வடிவமைத்தபடியே இயங்குகிறது.’ அதைத் தட்டிவிட்டு அந்த டிக்கெட்டை மூடினேன். அதிகபட்சம் நாலு நிமிட வேலை. பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘ஐயா’ இன்னும் உறுத்துகிறது.

2023 நவம்பர் 30-ம் தேதி மத்திய அரசு ஒரு வழிகாட்டி நெறி வெளியிட்டது. இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, கூடாது என்றது. கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, விலையைக் கடைசித் திரையில் ஏற்றுவது என்று போகிறது பட்டியல். சந்தாவில் மாட்டிவைப்பதும் அதில் ஒன்று. படித்தபோது நான் எழுதிய திரைகளை அரசிதழில் பார்த்த மாதிரி இருந்தது.

செல்போனுக்குள் இருந்தவரை இதெல்லாம் 199 ரூபாய் சமாசாரம். இப்போது அது சாலைக்கு வந்துவிட்டது. அத்திபெலே வழியாகப் போகும் சாலையே சாட்சி. ஓசூரில் டி.வி.எஸ். தொழிற்சாலை. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் அங்கிருந்துதான் வந்தது. அதே ஓசூரில் ஏதர் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இன்னும் தெற்கே கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக்கின் பெரிய தொழிற்சாலை. ஏதர், ஓலா இரண்டுக்கும் தலைமையகம் பெங்களூர்.

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஊத்தங்கரைக்காரர். டி.வி.எஸ். 50-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஒருநாள் கடை வாசலில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. “என்னண்ணே, இதையும் பார்க்கிறீங்களா?” என்று கேட்டேன். “பார்க்கத்தான் சார் முடியும். ஸ்பேனர் எடுத்து என்ன பண்றது? அவங்க லேப்டாப்பைச் சொருகினாத்தான் வண்டி வாயைத் திறக்கும். மூணு வாரமா சர்வீஸுக்கு நம்பர் வரலைன்னு இங்கே கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கான் பையன். டெலிவரி வேலை பார்க்கிறவன். மூணு வாரம் சோறு இல்லை.”

டி.வி.எஸ். 50 விற்றவுடன் வாங்கியவனுக்குச் சொந்தம். இந்த வண்டி வாங்கிய பிறகும் பாதி கம்பெனியிடம் இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பெயர் சாஃப்ட்வேர். ஓலா தன் முதல் ஸ்கூட்டரை 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகப்படுத்தியது. க்ரூஸ் கண்ட்ரோல் போல அப்போது சொன்ன சில வசதிகள், முதல் வண்டிகள் கைக்கு வந்தபோது அவற்றில் இல்லை. 2022-ன் நடுவில் சாஃப்ட்வேராக வந்து சேர்ந்தன. எங்கள் தொழிலில் இது சகஜம். முதலில் விற்றுவிடு, பிறகு எழுதிக்கொள். கம்ப்யூட்டர் திரையில் பழகிய பழக்கத்தைச் சக்கரத்திலும் மாட்டிவிட்டோம்.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா எலெக்ட்ரிக்குக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரே வருடத்தில் வந்த புகார்கள் 10,644. அவற்றில் 3,389 சர்வீஸ் தாமதம் பற்றியவை. அதற்கு முந்தைய மாதம் கல்புர்கியில் கோபம் தாங்காத ஒரு வாடிக்கையாளர் ஷோரூமுக்கே தீ வைத்துக் கைதானார். தீ வைப்பது நியாயமில்லை. ஆனால் எங்கே போய்க் கத்துவது என்று தெரியாதவன் செய்யும் காரியம் அது. ரிசர்வேஷன் ஹாலில் இருந்தால் அவன் கத்திவிட்டுப் போயிருப்பான்.

புகார்களில் 99.1 சதவீதம் தீர்ந்துவிட்டன என்றது கம்பெனியின் பதில். அந்த எண்ணை நான் மறுக்கப்போவதில்லை. ‘தீர்ந்தது’ என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் இருக்கும் அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன். டிக்கெட் மூடப்பட்டால் தீர்ந்தது. நான் மூடிய அந்த ஆசிரியரின் டிக்கெட்டும் எங்கள் கணக்கில் தீர்ந்ததுதான்.

சரி, வலியை இடம் மாற்ற முடியாதா? முடியும். செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதே ஸ்கூட்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மானியத்துக்கு வண்டியின் விலை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டியிருந்தது. சில கம்பெனிகள் சார்ஜரைத் தனியாக பில் போட்டு வரம்புக்குள் நின்றன. சார்ஜர் இல்லாமல் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை என்ன செய்வது, வாசலில் நிறுத்திக் கும்பிடுவதா? அரசு மானியத்தில் கைவைத்ததும் 2023 மே மாதம் ஓலா, ஏதர், டி.வி.எஸ்., ஹீரோ எல்லாம் சார்ஜர் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஓலா மட்டுமே சுமார் 130 கோடி ரூபாய். டவர் கதைதான் இங்கேயும்.

இன்னும் நல்ல உதாரணம் ரிசர்வ் வங்கி. 2019 செப்டம்பர் 20-ம் தேதி அது ஒரு சுற்றறிக்கை விட்டது. யு.பி.ஐ.யில் ஒருவருக்குப் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. ஏ.டி.எம்.மில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாள் கெடு, அதற்கு மேல் அதே 100 ரூபாய். இதில் முக்கியமான வரி வேறு: வாடிக்கையாளர் புகார் செய்யும்வரை காத்திருக்கக் கூடாது, இழப்பீடும் தானாகவே வர வேண்டும்.

100 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் லட்சக்கணக்கான பரிவர்த்தனைகளால் பெருக்கிப் பாருங்கள். அப்போது ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்த நண்பர் சொன்னார்: “திரும்பாத பணத்தைத் தேடுற புரோகிராம் ரெண்டு வருஷமா பட்டியலோட அடியில கிடந்தது. சர்க்குலர் வந்த வாரம் மேலே ஏறிடுச்சு. தீபாவளிக்குக்கூட லீவு கிடைக்கலை.” அவருடைய லீவு போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வாரம் சேலத்து வாடிக்கையாளருக்கும் ஒரு சர்வீஸ் லெவல் அக்ரிமென்ட் கிடைத்தது. குளிர்தேசத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிடைத்த அதே மரியாதை.

விதி போட்டால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமானது. அதற்கும் முன்பே, 2018 மே மாதத்தில், அரசு ஒரு விதி போட்டிருக்கிறது. உங்கள் டேக் செல்லுபடியாகக்கூடியது, அதில் பணமும் இருக்கிறது. சாவடியின் கருவி பழுதானதால் பணம் எடுக்க முடியவில்லை. அப்படியென்றால் கட்டணமே இல்லாமல் உங்களை விட வேண்டும், பூஜ்ய ரூபாய் ரசீதும் தர வேண்டும். வலியைக் கருவி வைத்தவன் பக்கம் தள்ளிய அருமையான விதி. இதைச் சாவடிகளில் பெரிய எழுத்தில் எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஊருக்குப் போகும் வழியில், எந்தச் சாவடி என்பது வேண்டாம், கருவி படிக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். காரில் வயதான அம்மா. இரட்டைக் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன். விதியைப் பிறகுதான் படித்தேன். சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கே இந்தக் கதி என்றால் லாரி டிரைவருக்கு?

கம்பெனிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவற்றில்தான் எனக்குச் சம்பளம். உள்ளே இருப்பவர்கள் கெட்டவர்களும் அல்ல. என்னைப்போல, சொன்னதை எழுதிவிட்டுப் பிரியாணி சாப்பிடுகிறவர்கள். காதில் கத்தல் விழாத இடத்தில் உட்காரவைத்தால் யாரும் அப்படித்தான் ஆவார்கள். அதனால் உள்ளேயிருந்து ஒரு ரகசியம் சொல்கிறேன்.

மூடிய டிக்கெட்டால் எந்த மேனேஜரும் தூக்கம் கெடுவதில்லை. மூடியது மறுபடியும் திறந்தால் கெடும். அதற்கென்று தனிக் கணக்கு உண்டு. மாதாந்திர மீட்டிங்கில் அந்த எண்ணைத் திரையில் போட்டுக் கேள்வி கேட்பார்கள். எனவே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால், தீராதபட்சத்தில் விடாதீர்கள். அதே எண்ணில் ‘தீரவில்லை’ என்று திருப்பி எழுதுங்கள். தேதி, புகார் எண், திரையின் படம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915-ஐ அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். 10,644 என்பது அப்படி ஒவ்வொருவராக அழைத்துச் சேர்த்த எண்தான். அதுதான் கடைசியில் நோட்டீஸாக மாறியது.

அந்த ஆசிரியரின் டிக்கெட்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கம்பெனியைவிட்டு விலகும் வாரம், என் கையில் இருந்த அனுமதியைப் பயன்படுத்தி அதைத் தேடி எடுத்து, மறுபடி திறந்தேன். சந்தாவை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவும் என்று எழுதிவைத்தேன். பணம் போனது. அதற்குள் மொத்தம் 14 மாதச் சந்தா கழிந்திருந்தது, 2,786 ரூபாய். அவரிடமிருந்து ஒரு பதில் வந்ததாக அங்கேயே இருந்த நண்பர் அனுப்பிவைத்தார். ‘ஐயா, தங்கள் உதவிக்கு மிக்க நன்றி’ என்று தொடங்கியது அது.

மெக்கானிக் கடையில் அந்த ஸ்கூட்டர் இன்னும் நிற்கிறது. போனவாரம் அந்தப் பையனை டீக்கடையில் பார்த்தேன். அவனுடைய செல்போனை வாங்கிப் பார்த்தேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்திருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து ‘தீரவில்லை’ என்று பதில் எழுதினோம்.